மூன்றாவது பாட்டில் ஒரு கூவல்

"சனிக்கிழமை நீங்க வந்து அந்தக் கூவலை மட்டும் கொடுத்தாப் போதும், மாமா. மத்ததை ரெக்கார்டு பாத்துக்கும்" என்றாள் ரெக்கார்டு கம்பெனி யாரித்சா போனில்.

தாச்சோ வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அவர் மனைவி எர்மிலா குரல் கொடுத்தாள். "வருவாரும்மா! இதெல்லாம் கேக்கணுமா என்ன?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எழுபத்து மூன்று வயதில் காது கொஞ்சம் மந்தம். அதனால் வந்த வினை.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் டெக்சாஸில் சான் அந்தோனியோவின் மேற்குப் பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர் ஒரு டயர்க் கடையின் பின்னறையில் போட்ட ராக் ஆல்பம் அது. அதில் கிதாரும் அக்கார்டியனும் சண்டை போட்டுக்கொண்டே குடித்தனம் நடத்தும். மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு கூவல் வரும். மனசு தாங்காத இடத்தில் தலையைத் தூக்கிக் கூவுவது எங்கள் மெக்சிகோ வழிப் பாட்டில் வழக்கம்தான். ஆனால் இது சாதாரணக் கூவல் இல்லை. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. ரேடியோவில் கேட்டவர்கள் காரை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கூவியது தாச்சோ என்பது ஊருக்கே தெரியும். தான் கூவவில்லை என்பது தாச்சோவுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். கூவல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அப்படிக் கூவப் பாடகன் செவேரோவை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆனால் ரேடியோக்காரர் "யாருப்பா கூவினது?" என்று கேட்டபோது, செவேரோ தயங்காமல் தாச்சோவைக் கைகாட்டினான். கூச்ச சுபாவக்காரனுக்கு நண்பன் கொடுத்த பரிசு என்று தாச்சோ பேசாமல் இருந்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு கல்யாண நடனத்தில் மஞ்சள் கவுன் போட்ட பெண் ஒருத்தி நேரே வந்து, "அந்தக் கூவல் நீதானா?" என்று கேட்டாள். அவள்தான் எர்மிலா. அதற்கப்புறம் எப்படி இல்லை என்பது? செவேரோ போய் முப்பது வருஷம். மற்ற மூவரும் போய்விட்டார்கள்.

இப்போது யாரித்சாவின் கம்பெனி அந்தப் பழைய டேப்பைத் துப்புரவாகச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறது. முதல் பிரதி வீட்டுக்கே வந்தது. தாச்சோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்டார். செவேரோ மூச்சு இழுப்பது வரைக்கும் கேட்டது. இவ்வளவு நன்றாகவா வாசித்திருக்கிறோம் என்று அவருக்கே கண் கலங்கியது. மூன்றாவது பாட்டில், இதுவரை கேட்டிராத ஒரு 'டப்' சத்தம். அதை ஒட்டியே அந்தக் கூவல், எங்கோ தள்ளியிருந்து. செத்துப்போன நண்பனின் குரலை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையே நடத்திவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. இது தெரிந்தால் எர்மிலா தன்னை என்ன நினைப்பாள் என்று பயமாகவும் இருந்தது.

பழகிப் பார்க்கலாம் என்று சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கூவினார். பக்கத்து வண்டிப் பெண்மணி நெஞ்சுவலி என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

"எங்க வலிக்குது?" என்றான் வந்தவன்.

"மானம்தான் வலிக்குது" என்றார் தாச்சோ.

அடுத்து, தொண்டை கட்டிக்கொண்டது என்று எர்மிலாவிடம் சொன்னார். அவள் தேனும் எலுமிச்சையும் கொடுத்ததோடு விடவில்லை. மாதா கோயிலில் போய்ச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து, தாச்சோவின் தொண்டையில் வைத்தார்.

"இது பிப்ரவரியில செய்றதாச்சே, ஃபாதர்? இப்ப அக்டோபர்தானே?"

"உங்க தொண்டைக்காகன்னா தொண்டைக்கான புனிதர் எந்த மாசமும் வருவார். பேசாம நில்லுங்க."

இனித் தொண்டை சரியாகவில்லை என்று சொன்னால் புனிதரையே பொய்யராக்கியதாகும். கடைசி முயற்சியாக யாரித்சாவுக்கு போன் செய்தார், இந்தத் தடவை ஸ்பீக்கரை அணைத்துவிட்டு.

"என்னை விட்டுடும்மா. செவேரோ பேரைச் சொல்லி ரெக்கார்டை மட்டும் போடு. எல்லாம் அவனாலதான்."

"எவ்வளவு பெரிய மனசு மாமா உங்களுக்கு!" என்றவள், அதை அப்படியே ரேடியோவில் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் ரெக்கார்டுக் கடையில் கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது.

யாரித்சா ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினாள். டயர்க் கடைக்காரர் கிரீனோவும் வந்திருந்தார். அன்று பாட்டைப் பதிவு செய்ததும் அவர்தான், டேப்பை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்ததும் அவர்தான். எண்பத்தெட்டு வயசு. சோளமாவுத் தமாலே வைத்திருந்த மேஜையோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. தாச்சோ மைக்கின் முன்னால் நின்றார். முதல் வரிசையில் எர்மிலா மஞ்சள் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் அவரால் முடியவில்லை.

"நிறுத்தும்மா" என்றார். "அந்தக் கூவல் என்னுது இல்ல. செவேரோவோடது. அம்பது வருஷமா உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். எர்மிலா, முக்கியமா உன்னை."

எர்மிலா எழுந்தாள்.

"தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாயைக் கூப்பிடணும்னாக்கூட நான்தான் கத்தணும். கல்யாணமான ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு, கிழவா."

"அப்புறம் ஏன் கிழவி என்னோட இருந்தே?"

"கூவுறவனை வச்சுக்கிட்டு வீட்டுல என்ன பண்றது? ஆர்கன் வாசிச்சவன் நல்லவனா இருந்தான்."

"அப்ப அந்த மெழுகுவர்த்தி?"

"எப்பதான் நீயா சொல்றேன்னு பாத்தேன். அதுக்கு அம்பது வருஷமா எடுத்துக்குவே?"

கூட்டம் சிரித்தது, சிலர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். தாச்சோவுக்கு மார்பிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. யாரோ செவேரோவின் பெயரைச் சொல்ல, ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். யாரித்சா அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டாள். முதலில் 'டப்', அப்புறம் அந்தக் கூவல். மேலே பார்த்து, "மன்னிச்சுடுடா, உன் பரிசை ரொம்ப நாள் வச்சுக்கிட்டேன்" என்றார் தாச்சோ.

தமாலே மேஜைப் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது. அதில் ஆள்காட்டி விரல் நுனியில் கோணியிருந்தது.

"செவேரோவா?" என்றார் கிரீனோ. "அவன் சாகுறவரைக்கும் 'தாச்சோ என்னமாக் கூவினான்'னுதான் சொல்லிட்டிருந்தான். அது என் விரலுப்பா, கதவைச் சாத்துறப்ப நசுங்கினது. வேற டேப் இல்லைன்னு அப்படியே விட்டுட்டேன்."