பாவாடை மேசைப் பெருஞ்சமர்

வாழ்க வெனான்சியோ! மும்மடிக் காலுறையன், இரட்டைக் கம்பளிச் சட்டையன், மூக்குநுனி சிவந்தும் முகஞ்சுளியாதவன், உபேதா நகரத்து எண்ணெயாலையில் முப்பத்தொரு பனிக்காலம் ஆலிவ் மூட்டைகளை நிறுத்துத் தள்ளி ஓய்வுபெற்ற திண்தோளன், வலக்காற் பெருவிரல் ஒன்றையே படையாகவும் படைக்கலமாகவும் படைத்தலைவனாகவும் கொண்டு, சனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், முயற்கறியும் சோறும் உண்டு முடித்த பிற்பகற்பொழுதில், கட்டிய மனைவியின் கட்டளைக்கெதிரே களம்புகுந்த அந்தக் காவலனைப் பாடப் புகுகின்றேன். கேட்போரே, காலைப் போர்த்திக்கொண்டு கேளுங்கள்.

நாட்டு வளம் பாடி, நகர வளம் பாடி, அதன்பின்னரே வீரனிடம் வருவது காவிய மரபு. பொறுத்தருள்க. நாடெங்கும் ஆலிவ் மரம், நகரெங்கும் கல்வீடு, கல்வீடெங்கும் குளிர், வளம் அவ்வளவுதான். கோடையின் கொடுநெருப்புக்கு அஞ்சிய முன்னோர் எழுப்பிய அச்சுவர்களுக்கு வெயிலைத் தடுக்கத் தெரியும், குளிரை வெளியே அனுப்பத் தெரியாது. சனவரியில் தெருவில் நிற்பவன் மேலங்கியைக் கழற்றித் தோளில் போட்டிருப்பான். வீட்டுக்குள் நுழைந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வான்.

அத்தகைய வீட்டில் வெம்மைக்கென்று இருந்தது ஒரே ஒரு நாடு. வட்டமேசை அதன் பெயர். தரைதொடும் தடித்த கம்பளிப் பாவாடை அதன் மதில். பாவாடைக்குள்ளே, கால்களுக்கு நடுவே, கம்பிக்கூடு கவிழ்த்த மின்கணப்பு அதன் கருவறை. கணப்பின் பக்கத்தில் ஒரு திருகு. திருகில் சுழியம், ஒன்று, இரண்டு என மூன்றே மூன்று நிலை. எரிகிறதென்று அறிவிக்கும் சிவப்பு விளக்கு மூன்று குளிர்காலங்களுக்கு முன்பே கண்மூடிவிட்டது. அதற்காக யாரும் அழவில்லை.

இந்த நாட்டை ஆண்டவள் எங்கார்னா, வெனான்சியோவின் மனைவி. அன்று காலைதான் அதே அறையில் ஒருவாரத்துச் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு மலையென அடுக்கியிருந்தாள். அந்தக் களைப்பும் அதிகாரமும் ஒருசேர முகத்தில் விளங்க, பிற்பகல் மூன்று மணிக்கு மேசையடியில் குனிந்து, திருகைத் தன் திருக்கையால் ஒன்றில் நிறுத்தி, நிமிர்ந்து, பறையறைந்தாள்:

"மறுபடியும் சொல்றேன், எல்லாரும் காதுல வாங்கிக்கங்க. சான் அந்தோன் திருநாளைக்குத் தெருவுல தீ மூட்டுற வரைக்கும் கணப்பு ஒண்ணுலதான் எரியும். ஒண்ணு! திருகுல என் கை மட்டும்தான் படும். வேற எவர் தொட்டுச் சிக்கினாலும் கதவோர நாற்காலி. அடுத்த ஆள் சிக்குற வரைக்கும் அங்கேயேதான்."

கதவோர நாற்காலி! சொல்லவே நாக்கு விறைக்கிறது. நடைவழியின் பனிக்காற்று கதவிடுக்கில் நுழைந்து நேரே வந்து முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும் இடம் அது. சென்ற ஞாயிறு சிக்கிய மகள் நீவெஸ் அங்கே வீற்றிருந்தாள். பனி என்று பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டதாலோ என்னவோ, பெண்ணுக்குப் பனியிலேயே இருக்கை வாய்த்தது. அரசுத் தேர்வுக்கான தலையணை பருமன் புத்தகத்தின்முன், விரல்நுனி வெட்டிய கையுறையோடு, எழுதுவதும் ஊதிக்கொள்வதுமாக இருந்தாள்.

நம் வீரனின் அரியணையோ சுவரோரத்தது. அண்டைவீட்டுப் புகைபோக்கி அச்சுவருக்குள்தான் ஏறிச்செல்கிறது. பக்கத்துவீட்டார் விறகெரிக்க, இவன் முதுகு இலவசமாக வெந்தது. பதினாறு ஆண்டுகளாக யாருக்கும் விட்டுக்கொடாத நாற்காலி. அதை இழப்பதைவிட அவன் ஆலையையே இழந்திருப்பான். ஆயினும், அந்தோ, முதுகு வெந்தும் பாதம் வேகவில்லை. ஒன்றாம் எண்ணின் வெம்மை தன் மும்மடிக் காலுறையைத் துளைக்க வல்லதன்று என்பது அவன் துணிபு. இரண்டு வேண்டும். இரண்டே வேண்டும்.

எழுந்தது பெருவிரல்! கணப்பைச் சுற்றிக் கோட்டைமதிலெனச் சுருண்டு குறட்டைவிடும் சுல்தான் என்னும் கொழுத்த நாயின் முதுகேறி, வாலிறங்கி, எங்கார்னாவின் செருப்பை ஒரு நூலிழையில் தப்பி, இருளிலே தடவித் தடவித் திருகைச் சென்று தொட்டது. மேலே, மேசைக்கு மேலே, அவன் முகமோ ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி கேட்கும் முகம். தொலைக்காட்சி வினாடிவினாவில் யாரோ சரியான விடை பகர, அரங்கம் அதிரக் கைதட்ட, அவ்வொலியின் மறைவில் டிக்கென்று திருகு இரண்டுக்குத் தாவியது. என்ன சொல்வேன்! அக்கணமே கணுக்காலில் பிறந்த வெம்மை கெண்டைக்காலில் தவழ்ந்து, முழங்காலில் எழுந்து நின்று, தொடைவழியே நடந்து நெஞ்சுவரை வந்து சேர, வீரனின் இமைகள் தாமாகத் தாழ்ந்தன.

"பாத்தீங்களா, ஒண்ணே எவ்வளவு இதமா இருக்கு!" என்றாள் எங்கார்னா, பின்னல் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஆனால் எப்பேர்ப்பட்ட வெற்றிக்கும் எதிரி உண்டு. வீரனின் வலப்புறத்தே அமர்ந்திருந்தாள் தொமாசா, எங்கார்னாவின் தங்கை, அஞ்சலகத்தில் நாளெல்லாம் முத்திரை குத்திக் குத்தி இரும்பேறிய கையினள். அவளுடைய துயரம் வேறு. குளிர்காலந்தோறும் கணப்பின் அனல் அவள் முழங்காலுக்குக் கீழே தோலில் செந்நிற வலை பின்னிவிடும். வரும் ஏப்ரலிலோ சித்தப்பா மகனின் திருமணம், வாங்கி வைத்திருக்கும் நீலக் கவுனோ முழங்காலோடு நின்றுவிடுவது. அந்த வலையோடு தேவாலயப் படியேறினால் ஊர் சிரிக்கும் என்று அவள் மெய்யாகவே கலங்கினாள். அவளுக்கு ஒன்றே அதிகம். சுழியமே சுகம்.

சுருக்கென்று சுட்டது போலிருந்தது அவளுக்கு. இது ஒன்றன்று, இரண்டு! ஓசையின்றிச் செருப்பைக் கழற்றினாள்; இடக்காற் பெருவிரலை ஏவினாள்; எங்கார்னா தும்மிய ஒரு தும்மலின் நிழலில், டிக், டிக். திருகு சுழியத்தில் விழுந்தது. தொமாசா பெருமூச்செறிந்தாள். வெனான்சியோ நடுங்கினான்.

அதன்பின் நிகழ்ந்ததை எப்படிப் பாடுவேன்! அவன் இரண்டுக்கு ஏற்ற, அவள் சுழியத்துக்கு இறக்க, அவன் இருமலில் ஒளிந்து ஏற்ற, இவள் விளம்பரப் பாட்டில் ஒளிந்து இறக்க, ஏற்றியபோதெல்லாம் அவனுக்கு வியர்த்தது, இறக்கியபோதெல்லாம் அவளுக்குக் குளிர்ந்தது. ஏழாம் முறை, திருகின்மேலேயே, பெருவிரலும் பெருவிரலும் நேருக்குநேர் மோதின. பின்வாங்கவில்லை எவரும். வாய்விட்டு அலறவும் வழியில்லை. அலறினால் ஆணையை மீறியது அம்பலமாகும். ஆகவே கீழே கால்விரல் மற்போர் நடக்க, மேலே மரியாதைப் பேச்சு நடந்தது.

"என்ன தொமாசா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கே. கால் வலியா?"

"எனக்கென்ன அத்தான், நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குத்தான் நெத்தியில வேர்த்து ஊத்துது. கணப்பு சூடு தாங்கலையோ?"

"சூடா? எனக்கு நடுக்கமே நிக்கல."

"அப்படியா? நான் இங்க வெந்து சாகுறேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்றாள் நீவெஸ். "எழுபத்தி நாலாவது பாடம். மண்டையில ஏறவே மாட்டேங்குது."

அந்நேரம் பார்த்து, தன் வயிற்றின்மீது இரு படைகள் பொருதுவதை உணர்ந்த சுல்தான், கண்ணைத் திறவாமலே, வாயை மட்டும் திறந்து, அகப்பட்டதைக் கவ்வியது. அகப்பட்டது வெனான்சியோ. "ஐயோ!" என்று அலறியபடி அவன் எழுந்து நின்றான். மும்மடியில் மேல்மடிக் காலுறை நாயின் வாயிலேயே நின்றுவிட்டது.

எங்கார்னா பாவாடையைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். திருகு இரண்டில். திருகுக்குப் பக்கத்தில் சுல்தான். சுல்தானின் வாயில் சிவப்புக் கோடு போட்ட காலுறை. தொமாசாவின் பாதங்களோ செருப்புக்குள் ஜோடியாக, கன்னித் துறவியின் பாதங்களைப்போல் அடக்கமாக இருந்தன. வழக்கு விசாரணை அவ்வளவில் முடிந்தது.

"வெனான்சியோ! அறுபத்தி ரெண்டு வயசு ஆவுது உனக்கு. வெக்கமா இல்ல?"

"நான் இல்ல, எங்கார்னா. என் காலு."

"அப்போ உன் கால் போய் கதவோரம் உக்காரட்டும். நீயும் கூடவே போய் உக்காரு. நீவெஸ், எழுந்து அப்பா நாற்காலிக்கு வா."

நீவெஸ் இரண்டுமுறை சொல்ல வைக்கவில்லை. புத்தகம், பேனா, கம்பளி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு சுவரோரம் பாய்ந்தாள். எங்கார்னா திருகை ஒன்றுக்குத் திருப்பிப் பாவாடையை இறக்கினாள். பதினாறாண்டு அரசு அரைநிமிடத்தில் கவிழ்ந்தது.

கேடு தனியே வரவில்லை. அந்த மேசைக்கு இன்னொரு சட்டமும் உண்டு. எழுதாத சட்டம், எங்கார்னாவின் ஆணையினும் பழைய சட்டம். குளிர்காலத்தில் முதலில் எழுந்து நிற்பவனே அனைவருக்கும் ஏவலாள். அதற்கஞ்சியே அவ்வீட்டார் தாகத்தையும் தாங்குவர். நின்றான் வெனான்சியோ, பொழிந்தன கணைகள்.

"எழுந்தது எழுந்துட்ட, அப்படியே அடுக்களையில கொண்டைக்கடலைய ஊறப் போட்டுட்டு வந்துடு."

"அப்பா, அப்படியே என் ரூம்ல மஞ்சப் பேனா இருக்கும், கோடு போடுறது."

"அத்தான், அப்படியே என் சால்வையும்."

"அப்படியே ஒரு தம்ளர் தண்ணி!"

புறப்பட்டான். கதவுக்கு அப்பால் நடைவழி. பளிங்குக்கல் பரவிய பதினெட்டு அடி நீளம். அடிதோறும் ஒரு பனிக்காலம். இருமடிக் காலுறையோடு, குதிகாலூன்றாமல், மூச்சுப்புகை முன்னே செல்லத் தான் பின்னே சென்று, அடுக்களையில் கடலையை நீரிலிட்டு விரல் மரத்து, நீவெஸின் மேசையில் பச்சை, நீலம், சிவப்பு எனப் பேனாக் காட்டையே கிளறி மஞ்சளை வென்று, தொமாசாவின் சால்வையை அலமாரியிலிருந்து மீட்டு, கையில் தம்ளர் ததும்பத் திரும்பினான் அப்பெருவீரன். இறைவா, ஒருவன் கால் சூடாக ஆசைப்பட்டதற்கு இத்தனையா என்று அவனுக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

வாசற்படி தாண்டி அறைக்குள் காலை வைத்தான். வலது உள்ளங்காலில் ஏதோ நறுக்கென்று குத்தியது.

குனிந்து பார்த்தான். நிமிர்ந்து மேசையைப் பார்த்தான். மறுபடி குனிந்து, சுவரோரம் கிடந்த அந்தப் பொருளை நெடுநேரம் பார்த்தான். அது இன்னதென்று இறுதியிற் கூறுவேன். காவியகர்த்தாவுக்கும் சில உரிமைகள் உண்டு. இப்போதைக்கு இதுமட்டும் அறிக: அதை எடுத்து எல்லோருக்கும் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன்மீதிருந்த குற்றம் குற்றமே அல்லாது ஒழியும், எங்கார்னாவின் தீர்ப்பு தூளாகும், தொமாசாவின் அனலும் தன் குளிரும் கூடத் தூளாகும், சுவரோர அரியணை இமைப்பொழுதில் மீளும்.

வாயைத் திறந்தான் வெனான்சியோ. விண்ணதிரும் பிரகடனம் ஒன்று அவன் தொண்டையில் ஏறி நின்றது.

மேசையைச் சுற்றிலும் பார்த்தான். தொமாசா கன்னம் சிவந்து வினாடிவினாக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கார்னாவின் மூக்கு இரண்டு மாதத்தில் முதன்முறையாகத் தன் இயல்பான நிறத்தில் இருந்தது. நீவெஸ், புகைபோக்கிச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையுறை இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையால் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள். எழுபத்தி நாலாவது பாடம் மண்டையில் ஏறிக்கொண்டிருந்தது போலும். அந்த வெறும் விரல்களைப் பார்த்ததும் வீரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பெண்ணை ஒரு வாரம் அந்தக் காற்றில் உட்காரவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"என்ன, மரம் மாதிரி நிக்கிற?" என்றாள் எங்கார்னா. "வந்து உக்காரு. பாவாடைய ரொம்பத் தூக்காத, சூடு போயிடும்."

ஏறிய பிரகடனத்தை எச்சிலோடு விழுங்கினான். தம்ளரைக் கொடுத்தான், பேனாவைக் கொடுத்தான், சால்வையைக் கொடுத்தான். பதினாறாண்டு அரியணையைத் திரும்பியும் பாராமல், கதவோர நாற்காலியில், பனிக்காற்றின் வாயில், தலைநிமிர்ந்து அமர்ந்தான். தொமாசா அவனை ஒருகணம் பார்த்தாள். பின்னர், பதினெட்டு அடி பனிப்பாலையைக் கடந்து வந்த அந்தச் சால்வையை எடுத்து அவன் முதுகில் போர்த்தினாள்.

"போட்டுக்கங்க அத்தான்," என்று முணுமுணுத்தாள். "கால் விரலு... ரொம்ப நசுங்கிடலயே?"

"உன் விரல் இரும்பும்மா," என்றான் அவனும் மெல்ல.

கால்களைப் பாவாடைக்குள் நீட்டினான். ஆகா! நீவெஸின் கம்பளிச் செருப்பு ஒருபுறம், தொமாசாவின் குதிகால் ஒருபுறம், பிடித்த காலுறையை இன்னும் விடாத சுல்தானின் கொழுத்த வயிறு நடுவே, அதன்மேல் வந்து அவன் பாதத்தை அழுத்தி மூடிக்கொண்ட எங்கார்னாவின் வெதுவெதுப்பான பாதம். எண் ஒன்றும் தராத, எண் இரண்டும் தராத, எந்தத் திருகும் எந்நாளும் தந்தறியாத பெருவெம்மை அவன் உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலைவரை ஏறியது.

"உண்மையச் சொல்லு, வெனான்சியோ," என்றாள் எங்கார்னா வெற்றிக்களிப்புடன். "ஒண்ணு போதுமா, போதாதா?"

"போதும் எங்கார்னா," என்றான் அந்த மாவீரன். "தாராளமாப் போதும்."

காலையில் இஸ்திரிப் பெட்டிக்காகக் கழற்றிச் சுவரோரம் போட்ட கணப்பின் பிளக்கை யாரும் திரும்ப மாட்டவில்லை.