தலை எண்ணாமல் கேட்டைத் திறக்காதவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள கம்பெனிகளின் மொத்தக் கண்டிப்பையும் ஒரே காக்கிச் சட்டைக்குள் திணித்து பட்டன் போட்டால், அவர்தான் எங்கள் 'இண்டக்‌ஷன்'. தண்டலம் பக்கத்தில் ஒரு காலேஜுக்கு அவர் வாட்ச்மேன். நான் அங்கே பதினோரு வருஷமாகப் பெருக்கித் துடைக்கிறவள். நான் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்வேன்.

கம்பெனியில் புதிதாகச் சேருகிறவனை முதல் நாள் உட்காரவைத்து, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த மெஷினில் கை வைக்கக்கூடாது என்று சொல்வார்கள். அதற்குத்தான் இண்டக்‌ஷன் என்று பேர். இவர் கார் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் இருந்தவர். வலது சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். கேட்டால், "இண்டக்‌ஷனுக்கு மட்டம் போட்டுட்டு டீ குடிக்கப் போன விரல் அக்கா இது" என்று பெருமையாகக் காட்டுவார்.

அதனால் யார் எங்கே புதிதாக நுழைந்தாலும் விடமாட்டார். காலேஜில் வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய்க்கே இரண்டு வாசலையும் சுற்றிக் காட்டினார். அவர் வீட்டுக்குப் புது மருமகள் வந்தபோது, விளக்கேற்றுவதற்கு முன்னால் சிலிண்டரை மூடுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆரத்தித் தட்டோடு அவர் பெண்டாட்டி வாசலிலேயே நின்றாள்.

புதுப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் ஓரியண்டேஷன். கட்டாயம் வர வேண்டும். எனக்கும் அவருக்கும் இதில்தான் சண்டை. ஹாலில் அடைத்து ஆள் மாற்றி ஆள் பேசினால் பிள்ளைகள் தூங்கத்தான் செய்யும் என்பேன். பெருக்குகிறவளுக்குத் தெரியாதா, கடைசி நாலு வரிசையிலும் சிப்ஸ் தூள்தான். தூங்கினாலும் உள்ளே தூங்கட்டும் என்பார் அவர். பேச்சையெல்லாம் வாய் பிளந்து கேட்பதும் அவர் ஒருவர்தான். போன வருஷம் சிறப்பு விருந்தினர், ஏதாவது கேள்வி உண்டா என்றதும் பின்னாலிருந்து கை தூக்கி, "எமர்ஜென்சி எக்ஸிட் எங்க சார் கீது?" என்றார்.

இந்த வருஷம் மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையில் எண்ணி உள்ளே விட்டது இருநூற்றுப் பன்னிரண்டு தலை. சாயங்காலம் பஸ் ஏறும்போது எண்ணினால் இருநூற்றுப் பதினொன்று. கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்கள் உறுமுகின்றன. பிள்ளைகள் ஊளையிடுகின்றன. பிரின்ஸ்பால் வந்தார். விருந்தினரையும் சேர்த்து எண்ணியிருப்பாய், அவர் மத்தியானமே போய்விட்டார் என்றார்.

"அவருக்கு விசிட்டர் பாஸ் சார். அது வேற நோட்டு."

"இப்ப திறக்கலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நீ வரவேணாம்."

இண்டக்‌ஷனின் முகம் செத்துப்போயிற்று. சர்க்கரை வியாதிக்காரப் பெண்டாட்டிக்கு மருந்து வாங்குவதே இந்த வேலையில்தான். கை சட்டைப் பைக்குள் போனது. வெறுங்கையாக வெளியே வந்தது. "பத்து நிமிஷம் சார்" என்று என்னைப் பார்த்தார்.

எனக்கு ஓட்டமெல்லாம் வராது. நடந்தேன். மூன்றாம் மாடி மூலையில், பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவு மட்டும் சாத்தியிருந்தது. தட்டினால் உள்ளே விசும்பல். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டிருந்தது. மாப் கட்டையால் நெம்பித் திறந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறையில் தனியாக இருக்கிறாளாம்.

"மேடையில ஏறி இங்கிலீசுல பேசணும்னு சொன்னாவ, ஆச்சி. பயந்து ஒளிஞ்சேன்" என்றாள்.

செல்போனைக் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஹாலில் பாட்டு அலறியதில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்து விட்டிருந்தால், திங்கட்கிழமை நான் வாளியோடு வரும்வரைக்கும் அங்கேதான் கிடந்திருப்பாள்.

அவளைக் கீழே கூட்டிவந்தேன். பிரின்ஸ்பால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமையைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை. இண்டக்‌ஷனோ அவளிடம் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இருநூத்திப் பன்னெண்டு" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

பஸ்ஸெல்லாம் போன பிறகு பையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினால், கேட் மறுபடியும் பூட்டிக் கிடக்கிறது.

"எனக்கு எதுக்குய்யா பூட்டு?"

"இரு அக்கா, எழுதிக்கிறேன். காத்தால நீ உள்ள வந்தது நோட்டுல கீது. வெளிய போனது வேணாவா?"

பதினோரு வருஷமாக நான் வந்தேனா என்று சூப்பர்வைசர் பார்ப்பான். போனேனா என்று யாரும் பார்த்ததில்லை. அவர் கேட்டைத் திறந்தார். சரியாக எண்ணிக்கொள்ளட்டும் என்று, ரொம்ப மெதுவாக நடந்து வெளியே போனேன்.