சுவரை நக்கிப் பார்த்த முசே

ஓதம் முசேவுக்குப் பிடித்த வீடு என்று புதுச்சேரியில் ஒன்றுகூடக் கிடையாது. கடற்கரைப் பக்கத்து மஞ்சள் பங்களாவிலிருந்து முத்தியால்பேட்டை ஓட்டு வீடு வரை எதற்குள் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான்: "பா போன்!" பிரெஞ்சில் 'நல்லா இல்லை' என்று அர்த்தமாம். அவருக்குத் தெரிந்த மொத்த பிரெஞ்சும் அவ்வளவுதான் என்று என் மனைவி வனஜா சொல்வாள். அவர் சைக்கிளைக் கண்டால் வீட்டுத் தரகர்கள் அடுத்த தெரு வழியாகப் போவார்கள்.

பழைய பிரெஞ்சு வீடுகளை ரிப்பேர் செய்கிற காண்ட்ராக்டர் ஒருவரிடம் நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். ஓய்வு பெற்றபின், வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்வதைத் தொழிலாக வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, 'முசே' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். 'ஓதம்' தரகர்கள் சேர்த்தது. சுவரில் ஏறுகிற ஈரத்தைக் கண்டுபிடிக்க அவர் பார்ப்பார், தட்டுவார், அதுவும் போதாமல் நாக்கை நீட்டிச் சுவரை நக்குவார். உப்புக் கரித்தால் ஓதம். இதனால் போகிற வீடுகளில் காப்பி, டீ எதையும் தொடமாட்டார். "நாக்கு கெட்டுப்போவும் தம்பி" என்பார், ஏதோ பாடகர் தொண்டையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் அவரிடம் போனது வேடிக்கை பார்க்க அல்ல. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இரைப்பு. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் சுவர் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். மழைக்காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே வேலை. "மாத்திரை நான் தரேன், ஈரமில்லாத வீட்டை நீங்கதான் பாக்கணும்" என்றார் டாக்டர். வனஜாவின் நகை, என் பி.எஃப். கடன், இரண்டையும் சேர்த்தால் ஒரு பழைய வீடு வாங்கலாம். ஒரே ஒரு முறை. தப்பான வீட்டை வாங்கிவிட்டால் மாற்றிக்கொள்ள வழியில்லை. இந்த நினைப்பில் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கி மாசக்கணக்காகியிருந்தது.

நானும் வனஜாவும் முசேவோடு போன முதல் வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசனை ஆளைத் தூக்கியது. ஹாலில் மட்டும் ஏழு காலண்டர்கள். முசே நேராகப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு விரிசல்.

"இன்னாங்க இது, ஒரு வீட்டுக்கு ஏழு காலண்டரா?" என்றார் வீட்டுக்காரரிடம்.

"தெரிஞ்ச கடைக்காரங்க குடுத்தாங்க."

"நாலு வருஷத்துக்கு முந்தினதுகூட இருக்குதே. பா போன்!"

பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து விரிசல் பக்கத்திலேயே ரிப்பேர் செலவை எழுதினார். காரை பெயர்த்துப் பூச எட்டாயிரம். மூலை விரிசலுக்குக் கம்பி கட்ட பதினைந்தாயிரம். வீட்டுக்காரர் பின்னாலேயே ஈரத்துணியோடு வந்து அழித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வீட்டில் உத்தரத்தைக் குடையால் குத்தினார். தேக்கு என்று சொல்லப்பட்ட மரத்துக்குள் குடை பாதி போய்விட்டது. அத்தனையும் செல் அரித்தது. அதை மாற்ற நாற்பதாயிரம் என்றதும் வீட்டுக்காரர் எங்கள் மூவரையும் வெளியே போகச் சொன்னார். குடை உத்தரத்திலேயே மாட்டிக்கொண்டது. அதைத் திருப்பி வாங்க நான் மறுநாள் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

மூன்றாவது வீட்டில் எல்லாம் சரி. எனக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. முசே படுக்கையறைச் சுவரை நக்கினார். கண்ணை மூடினார். "கடல் மண்ணுல பூசிருக்கான். எவ்ளோ காசு போட்டாலும் உப்பு வெளிய வந்துகிட்டே இருக்கும். பா போன்." வனஜா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இதற்குள் எனக்கும் புத்தி பேதலித்துவிட்டது. மைத்துனர் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஹால் சுவரை நக்கிவிட்டேன். மைத்துனர் மனைவி பார்த்துவிட்டாள். இன்றுவரை அந்த வீட்டில் எனக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுகிறார்கள்.

நான்காவது வீடு முத்தியால்பேட்டையில். சமையலறைக் கூரை ஒழுகிய அடையாளம் எனக்கே தெரிந்தது. ஒயரிங் எலி கடித்தது. கக்கூஸ் குழாய் அடைப்பு. முசே சுவரெல்லாம் எழுதிக் கூட்டினால் அறுபத்தைந்தாயிரம் வந்தது. கிளம்பலாம் என்று செருப்பை மாட்டினேன்.

"வாங்கிக்கோ தம்பி" என்றார்.

இந்த மனுஷர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா? தரகன் பணம் கொடுத்திருப்பானோ? மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். வாடகை அறை. மழை பெய்து ஓய்ந்திருந்தது, உள்ளே மூன்று இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு நடுவில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முசே, உங்க வீடே ஒழுவுதே!"

"இது ஓனர் வீடு. எனக்கு யாரு காசு குடுத்தா இதப் பாக்க?"

வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "தரகர்கிட்ட ஏதாவது வாங்கினீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. பாயிலிருந்து எழுந்துவிட்டார்.

"காசு போட்டா சரியாவுற பா போன் ஒண்ணு இருக்குது. போட்டாலும் சரியாவாத பா போன் ஒண்ணு இருக்குது. அந்த வீட்டுல எல்லாமே மொதல்ல சொன்ன ரகம். பின்னாடி ரூம்பு இருக்குதே, அதுக்குக் கீழ கருங்கல்லு போட்டுக் கட்டியிருக்கான். தரையிலேர்ந்து ஈரம் ஏறாது. மூணு தடவ நக்கிப் பாத்தேன். பாப்பாவ அங்க படுக்க வை."

மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அப்படியே வந்துவிட்டேன்.

வாங்கினோம். ஒயரிங்கும் குழாயும் மாற்றியதோடு கையிருப்பு தீர்ந்தது. சமையலறைக் கூரை அடுத்த போனசுக்குக் காத்திருந்தது. ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. சமையலறையில் நாலு இடத்தில் ஒழுகல். நானும் வனஜாவும் குண்டானும் வாளியுமாக ஓடிக்கொண்டிருந்தபோது, வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு முசே உள்ளே வந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். சமையலறைப் பக்கம் திரும்பவும் இல்லை. நேராகப் பின்னறைக்குப் போனார்.

பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தன் ஈரம் பிள்ளைமேல் சொட்டாமல் தள்ளி நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, அவள் மூச்சைக் கேட்டார். வெளியே அவ்வளவு மழைச் சத்தம். ரொம்ப நேரம் கேட்டார்.

"இரைப்பு இல்ல தம்பி" என்றார். "வீட்ட வாங்கிக்கோன்னு சொல்லிட்டேனே தவிர, அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அந்த மழைக்காலம் முழுக்க வந்தார். அடுத்த வருஷமும் வந்தார். பிறகு ஒரு கார்த்திகையில் மழை பெய்தும் வரவில்லை. நாங்கள்தான் போய் அவர் உடம்புக்கு மாலை போட்டுவிட்டு வந்தோம். பெற்ற அப்பன் நான் சமையலறையில் குண்டானைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரத்தில், என் பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று பார்க்க சைக்கிளில் நனைந்துகொண்டு வந்த மனுஷர் அவர். என்னைவிட ஒரு படி மேலாக அவளுக்காகப் பயந்தவர், அவர் ஒருவர்தான்.