இன்னும் வராத சட்டத்துக்குக் கட்டிய வீடு

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் சொல்ல வரவில்லை.

பத்து வருடம் கழித்து மின்சாரத்துக்கும் கரிப்புகைக்கும் கடுமையான சட்டம் வருமாம், நீங்கள் எங்களுக்குக் கட்டுகிற வீடு இப்போதே அதற்குத் தயாராக வேண்டுமாம் என்று மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் விடாமல் அடைத்தீர்கள். சுவர் ஒரு முழம் கனம். கண்ணாடி மூன்றடுக்கு. "வராத சட்டத்துக்கு இப்பவே எதுக்குங்க பயப்படணும்?" என்று உங்கள் அத்தை கேட்டபோது அவளைத்தான் அதட்டினேன்.

போன வாரம் உங்கள் அம்மா வந்திருக்கிறார். காலிங் பெல் அன்றைக்கென்று படுத்துவிட்டது. காற்றே நுழையக் கூடாதென்று நாலு பக்கமும் ரப்பர் ஒட்டிய கதவில் தட்டுகிற சத்தம் எப்படி நுழையும்? வாசல் பக்க ஜன்னலுக்கு வந்து கையாட்டியிருக்கிறார். படிக்கிற கண்ணாடியில் தூரத்து முகம் எனக்குத் தெரியாது. போர்வை விற்கிற அம்மாள் என்று நினைத்து, வேண்டாம், போங்கள் என்று நானும் கையாட்டிவிட்டு பேப்பரில் மூழ்கிவிட்டேன். மறுநாள் உங்கள் மனைவி போனில் அழுகிறாள்: "என் மாமியாரையாப்பா விரட்டினே? இந்த வீட்ல நான் எப்படி நிமிர்ந்து நடப்பேன்?"

மன்னிப்புக் கேட்க உடனே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வாசல் கதவு திறக்கவில்லை. புகை போக நான் மாட்டிய சமையலறை விசிறி, வீட்டில் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சிக் கதவை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தோளால் இடித்துக்கொண்டே இருந்தேன். உங்கள் அத்தை விசிறியை நிறுத்திய அதே நொடியில் கதவு விட்டுக்கொடுக்க, நான் போய்த் தெருவில் விழுந்தேன். "உள்ளேர்ந்து யாராவது தள்ளிட்டாங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் அக்கறையாக விசாரித்தார். முட்டி வீங்கி, மன்னிப்பும் தள்ளிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார். மேற்குச் சுவரை உடைக்கப் போகிறேன். உங்கள் சட்டம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும்.

கோபத்திலும் வாழ்த்துவதுதான் முறை. நிறைய ஜன்னல்களோடு நீடூழி வாழ்க.

மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வெளியே அனல். உள்ளே குளிர்ச்சி குறையவில்லை, உங்கள் அத்தை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்; கோடையில் கரண்ட் இல்லாத நேரத்தில் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடி அறையும் இதேபோல வேண்டும். அந்தச் சட்டத்துக்கு எதற்குப் பத்து வருடம்? சீக்கிரம் கொண்டுவரச் சொல்லி யாருக்கு எழுத வேண்டும் என்று விலாசம் அனுப்புங்கள். கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது.