பெஞ்சு வயதுக்கு வந்த கதை

விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நூலார் வீட்டு வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. எல்லாம் தாய்மார்கள். பக்கத்தில் தலைகுனிந்த மகள்கள்.

பெண்பிள்ளைகளைப் பிடித்த பேயை நூலார் நூலை வைத்தே சொல்லிவிடுவாராம். திரைக்கு அந்தப் பக்கம் பெண்ணின் மணிக்கட்டில் நூலைக் கட்டுவார்கள். இந்தப் பக்கம் இவர் மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். பெண்களின் கையைக்கூடத் தொடாத உத்தமர். அவர்கள் கைப்பையைத் தொடுவதில் மட்டும் கூச்சம் இல்லை.

வரிசையில் ஒரு சிறுமி. வயது ஒன்பதரை. போன வருடமே வயதுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ஆன்ட்டி’. சட்டைக்கு மேல் சட்டை போட்டாள். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது, கடைசியில் பேச்சும் நின்றது. பேய்தான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். வகுப்பறையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

“பேய்னு உறுதியாச்சுன்னா படிப்பை நிறுத்திட்டு, நாப்பது நாள் இவர் வீட்டு உள்ரூம்ல பூட்டி வைக்கணுமாம்” என்றாள் அம்மா.

“பூட்டின ரூம்லயா? உனக்கு மூளை கழண்டுபோச்சாக்கா?” என்றாள் கூட வந்த தங்கை. சிறுமிக்குச் சித்தி. துணி கம்பெனியில் நிறம் பார்த்து நூல் பிரிப்பவள்.

வாசலில் ஒரு அம்மாள் உட்கார்ந்து ஒவ்வொரு தாயிடமும் பாசமாக விசாரித்தாள். “சின்னதுலயே வந்துடுச்சா? அடப்பாவமே! சாப்பிடுறாளா, தூங்குறாளா?” கதை முடிந்ததும் மகள் மணிக்கட்டில் கட்ட ஒரு நீண்ட நூலைத் தாயிடம் கொடுத்தாள். சித்தி ஒரு மணி நேரம் கவனித்தாள். சீக்கிரம் வயதுக்கு வந்தவளுக்கு நீலம். இன்னும் வராதவளுக்கு மஞ்சள். காதல் சந்தேகம் என்றால் சிவப்பு. பேய்க்கு முன்பே நூலின் நிறத்தில் தகவல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சிறுமிக்கு நீலம் கிடைத்தது. திரைக்குப் பின்னால் போனதும் சித்தி அதை அவள் கையில் கட்டவில்லை. அங்கே கிடந்த மரப்பெஞ்சின் காலில் கட்டினாள்.

நூலார் கண்ணை மூடினார். உடம்பு நடுங்கியது. நல்ல உழைப்பாளி.

“ஐயோ! பிஞ்சு உடம்புக்குள்ள ஒருத்தி உக்காந்து அழுவுறா! சாப்பிட விட மாட்டேங்குறா, தூங்க விட மாட்டேங்குறா!”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. வயசுக்கு வந்தாச்சா?”

“வரவேண்டிய வயசுக்கு முன்னாடியே வந்தாச்சும்மா! நூல் பொய் சொல்லாது.”

சித்தி திரையை இழுத்தாள். கூட்டம் பார்த்தது. நாலு கால், ஆணி பெயர்ந்த பலகை, ஒரு காலில் நீல நூல்.

“இந்தப் பெஞ்சையும் நாப்பது நாள் உள்ள பூட்டணுமா சாமி?”

நூலார் காதிலிருந்து நூலை உருவினார். “பேய்... பேய் பெஞ்சுக்குத் தாவிடுச்சு!”

“அப்ப எங்க பொண்ணை விட்டுடுச்சுல்ல? கிளம்புறோம்.”

தெருவுக்கு வந்ததும் சிறுமி பல வாரங்களுக்குப் பிறகு வாய் திறந்தாள். “எனக்குப் பேய் இல்லையா சித்தி?”

“இல்லடி. உடம்பு கொஞ்சம் முந்திக்கிச்சு. மனசுக்கு இன்னும் ஒன்பது வயசுதான். உன்மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் ஓவென்று அழுதாள். அம்மா தங்கையைப் பார்த்தாள். “இப்ப என்னடி பண்றது?”

“டாக்டர்கிட்ட காட்டுவோம். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆன்ட்டின்னு கூப்பிட்ட வாயெல்லாம் யாருதுன்னு கேப்போம்.”

பின்னால் வரிசை பாதிதான் கலைந்திருந்தது. மீதிப் பேர் பெஞ்சை எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெஞ்சுக்குப் பேய் பிடிக்கும் என்று நம்புகிறவர்களுக்கு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மனம் வலிக்கும் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. உங்கள் வீட்டுப் பெண் பேசாமல் இருக்கிறாளா? நூலின் மறுமுனையைத் தேடி அலையாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். காது உங்களுக்கும் இருக்கிறது.