டப்பா சார் ஒளித்து வைத்தவை

எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பவன்தான் மனிதன் என்று நம்பிய ஒரே ஆள், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் டப்பா சார்தான். மாவட்டம் பிரிவதற்கு முன்பிருந்த பழைய எல்லையைக் கணக்கில் எடுத்தாலும் இன்னொருவர் கிடைத்திருக்க மாட்டார். அந்த நம்பிக்கைக்காக அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்த ஒரே சாட்சி நான்.

நான் அப்போது மருந்து கம்பெனி ரெப். அவர் தனியார் சர்வேயர், ஐம்பது வயதுக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். திங்கள் முதல் சனி வரை அவருக்கு நிலம் அளக்கும் வேலை. அண்ணனின் வரப்பைத் தம்பி அரை அடி தின்றுவிட்டான் என்று கூப்பிடுவார்கள். அளப்பதற்கு முன் தம்பி திட்டுவான். அளந்த பிறகு அண்ணன் திட்டுவான். சாயங்காலம் அறைக்கு வந்து, கால் கழுவி, சுவரைப் பார்த்து உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். அன்றுதான் அவருடைய விளையாட்டு. ஜியோகேஷிங் என்று பெயர். மூடி போட்ட டப்பாவுக்குள் சின்ன நோட்டு, பென்சில், ரெண்டு பொம்மை, ஒரு சாவிக்கொத்து என்று ஏதாவது போட்டு எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செல்போன் செயலியில் போட்டுவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடி வரலாம். கண்டுபிடித்தவர் நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் அதற்கு மட்டமில்லாத இன்னொன்றை வைக்க வேண்டும். பிறகு இருந்தபடியே மூடி, இருந்தபடியே மறைத்துவிட்டு வர வேண்டும்.

“கண்டுபுடிச்சா இன்னா சார் கிடைக்கும்?” என்று கேட்டேன்.

“கண்டுபுடிச்சது கிடைக்கும் தம்பி.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல இன்னாத்துக்கு?”

இதற்கு அவர் வைத்திருந்த ஒழுங்குகளை மெஸ்ஸில் இட்லிக்கு ஒன்றாகச் சொல்லுவார். செடியை மிதிக்கக் கூடாது. கல்லைப் புரட்டினால் பழையபடி வைக்க வேண்டும். நிலத்துக்காரரைக் கேட்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. தின்பண்டம் வைத்தால் எறும்பு வரும், வைக்கக் கூடாது. முக்கியமாக, வழிப்போக்கர் யாராவது பார்த்துவிட்டால் டப்பா இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்துகொள்ள வேண்டும்.

சின்னசேலம் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டப்பா வைத்திருந்தார். அதைப் பார்க்கப் போன அன்று ஜனம் வந்துவிட்டது. விதிப்படி குனிந்தார். காலில் இருந்தது ரப்பர் செருப்பு. இல்லாத லேஸை ஐந்து நிமிஷம் கட்டினார். எதிர்க்கடை அம்மாள் ஓடி வந்து, “அய்யய்யோ, வலிப்பு வந்துகினு கீது, சாவி எட்த்தாங்க!” என்று கத்தினாள். அவர் கையில் யாரோ இரும்புச் சாவியைத் திணித்தார்கள். யாரோ சோடா தெளித்தார்கள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள், டப்பா தெரிந்துவிடும். அதனால் வலிப்பையே ஒப்புக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார் மனுஷர்.

அப்படிக் காப்பாற்றிய டப்பாவில் அடுத்த வாரம் பார்த்தால், பொம்மைக் கார் இல்லை. பதிலுக்குப் பாதி பீடி இருந்தது. “அன்புள்ள நண்பருக்கு” என்று ஆரம்பித்து, எடுத்ததற்குச் சமமானதை வைக்கும்படி பணிவாக ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்தார். அதற்கடுத்த வாரம் கடிதத்தையும் காணோம், பென்சிலையும் காணோம். பீடி மட்டும் அப்படியே இருந்தது.

கள்ளக்குறிச்சியில், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்சுவர் சந்தில் வைத்த டப்பாவின் கதி இன்னும் மோசம். ஒருநாள் நாங்கள் ஏறிய ஷேர் ஆட்டோவிலேயே அது இருந்தது. டிரைவர் அதில் வெற்றிலையும் சுண்ணாம்பும் போட்டு வைத்திருந்தார். நான் சண்டைக்குக் கிளம்பினேன். டப்பா சார் என் தொடையை அழுத்திவிட்டு, பையிலிருந்து புது நோட்டை எடுத்து நீட்டினார்.

“கண்டுபுடிச்சிட்டீங்க. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டார். “கையெழுத்தா? இன்னாத்துக்கு? என் பேர்ல லோன் எதுனா எடுக்கப் பாக்கறியா?”

எங்களை நடுரோட்டில் இறக்கிவிட்டார். வெயிலில் நடந்து வந்தோம். வழியெல்லாம் அவர், “நோட்ட காட்டுன விதம் சரியில்ல தம்பி, நான் மொதல்ல வணக்கம் சொல்லியிருக்கணும்” என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அவருக்கு ஆறுதலாக இருந்தது மலைமேல் வைத்த டப்பா ஒன்றுதான். கரியாலூர் தாண்டி ஒரு பாறை இடுக்கு. பாறைக்குப் போகும் வழி பாப்பம்மா என்பவரின் சாமை வயல் ஓரமாகப் போகிறது. டப்பா வைப்பதற்கு முன் மூன்று தரம் என் பைக்கில் போய் அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டார். தன் செல் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

“பிராந்தி பாட்டிலயே கேக்காம வயல்ல ஒடைச்சிட்டுப் போறாங்க. நீ டப்பா வெக்கக் கேட்டுக்கினு நிக்கற. வெச்சிக்க சாமி” என்றார் பாப்பம்மா.

முதல் ஆறு மாதத்தில் மூன்றே பேர் வந்தார்கள். மூவரும் ஒழுங்காகப் பெயர் எழுதி, தேதி போட்டு, ஒருவர் ‘நன்றி’ என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். நிலத் தகராறில் அடி வாங்காத குறையாக வரும் நாட்களில் அதை எடுத்துப் பார்ப்பார்.

பிறகு ஒரு ஞாயிறு, சாமை கதிர் பிடித்திருந்த சமயம், அவர் போன் அடித்தது.

“சார், உன் ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. நீ வந்து பாரு” என்று சொல்லிவிட்டு பாப்பம்மா வைத்துவிட்டார்.

போனோம். எட்டுப் பேர், நாலு பைக்காம். ஒற்றையடி வழியை விட்டுவிட்டு, செல்போன் அம்பு காட்டிய நேர்கோட்டில் வயலுக்குள்ளேயே நடந்திருந்தார்கள். முள்வேலியைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். அந்த வழியாக ஆடுகள் புகுந்து, மிதிபடாததைத் தின்றிருந்தன. நோட்டுத் தாள்களைக் கிழித்து பிரியாணிக் கை துடைத்திருந்தார்கள். டப்பா பள்ளத்தில் கிடந்தது. இதெல்லாம் போதாதென்று வீடியோவும் எடுத்துப் போட்டிருந்தார்கள். என் போனில் காட்டினேன். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருத்தன் ஆடினான். டப்பா சார் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“எங்க நிக்கறான் பாரு தம்பி. கதிரு மேல நிக்கறான்.”

பாப்பம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். “இன்னா சார் இது? உன்ன நம்பித்தான வழி வுட்டேன்? யாரு இவனுங்க?”

யாரென்றே தெரியாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டப்பா சார் சொல்லிவிட்டார்.

“என் ஆளுங்கதாம்மா. நான்தான் வரச் சொன்னேன்.”

“நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?” என்று அவர் காதைக் கடித்தேன்.

“வழி போட்டுக் குட்த்தது நானு” என்றார்.

தரையில் உட்கார்ந்துவிட்டார். சாய்ந்த சாமைப் பயிர் ஒன்றை நிமிர்த்தி மண் அணைத்தார். அது மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். பாப்பம்மாவின் கோபமே அதில் பாதி போய்விட்டது.

“அது பொழைக்காது, வுடு. ஏந்திரு. வேலிய கட்டிக் குடு, போதும்.”

அரை நாள் வேலை. டப்பா சார் கட்டியதால் மூன்று நாள் ஆயிற்று. வேலைகளை ஒத்திப்போட்டுவிட்டு மலைக்குப் போனார். முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, ஒவ்வொரு முள்ளையும் கோட்டில் நிறுத்தினார். ஒரு இடத்தில் நாலு விரற்கடை விலகியது என்று மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்டினார். கை முழுக்க முள் கீறல்.

“ஆடு வந்து வேலி நேரா கீதான்னா பாக்கப் போவுது?” என்று பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மூன்று நாளும் அவருக்குக் களி கொடுத்தார். கடைசி நாள் அவரே சொன்னார்: “டப்பாவ வேணா எங்க வூட்டாண்ட வெச்சிக்க சார். வரவங்க கேட்டு வாங்கிப் பாக்கட்டும்.”

“வேணாம்மா,” என்றார். “இனிமே நான் யாரையும் வரச் சொல்றதா இல்ல.”

அன்று இரவே செயலியில் மன்னிப்பு எழுதினார். எட்டுப் பேரைத் திட்டி ஒரு சொல் இல்லை. வழியை இன்னும் தெளிவாகக் குறிக்காதது தன் தவறு, ஒரு விவசாயியின் விளைச்சல் போனதற்குத் தானே பொறுப்பு, டப்பாவை எடுத்தாகிவிட்டது என்று எட்டு வாக்கியம். மறுநாள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தனிடமிருந்து பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்று தோன்றியது.

அடுத்த இரண்டு ஞாயிறுகளில் மிச்சமிருந்த டப்பாக்களையெல்லாம் போய் எடுத்து வந்தோம். எடுத்த குழியை மூடி, மேலே சருகைக்கூடப் பரப்பினார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமையும் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். “ஒண்ணு வெச்சிப் பாக்கலாமா சார்?” என்று நானே கெஞ்சினேன். அந்தப் பைத்தியக்காரத்தனத்தைக் கேலி செய்த நான்!

சில மாதங்களில் வெளிமாவட்டத்தில் சாலைப்பணிக்கு அளக்கும் வேலை கிடைத்துப் போய்விட்டார். அறையைக் காலி செய்த அன்று, சட்டை மாட்ட அடித்த ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். லாட்ஜ் மேனேஜர் அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். இதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாக அவருக்குச் சந்தேகம்.

போன வாரம் டப்பா சார் எனக்குப் போன் செய்தார். உடம்பு, வேலை, மழை எல்லாம் விசாரித்தாகிவிட்டது. “சரி தம்பி” என்றார். “சரி சார்” என்றேன். எதிராளி வைப்பதற்கு முன் போனை வைப்பது அவருக்கு மரியாதையில்லை. அது எனக்குத் தெரியும். நானும் வைக்கவில்லை.

ரொம்ப நேரம் அவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.