ஜெர்மனி போய் வந்த வால்வு

ஜொகூர் தென்முனை இதய அறவாரியத்தைப் போல, இதயத்துக்காக இவ்வளவு சாப்பிட்ட சங்கம் உலகத்தில் வேறு இருக்க முடியாது. நம் ஊர் இதய டாக்டர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு பிறந்தது அது. நோக்கம் உயர்ந்தது என்பதால் நிதியும் விருந்து வைத்தே திரட்டப்பட்டது. தம்போயில் அய்யூப் கடை மட்டன் பிரியாணி. சாஆ ஊரில் நெய்ச்சோறும் ஆட்டுக்கால் சூப்பும். "வெட்கப்படாம சாப்பிடுங்க, எல்லாம் இதயத்துக்காகத்தான்!" என்று செயலாளர் ஹேமநாதன் கரண்டியோடு வரிசை வரிசையாகச் சுற்றி வருவார்.

அப்படி ஊரே சாப்பிட்டுச் சேர்த்த நிதியில் முதல் ஆளாகத் தேர்வானவள் டாக்டர் பிரவீனா. சிம்பாங் ரெங்கத்துப் பெண். நெஞ்சைப் பிளக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயத்தில் புது வால்வு பொருத்தும் வித்தையைக் கற்றுக்கொள்ள, ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஒண்ணாம் தேதி அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ.

அவள் பார்க்கும் நோயாளிகளில் ஜெய்னம்பு அம்மா ஒருவர். தம்போயில் ரொட்டி சானாய் கடை நடத்தியவர். வால்வு சுருங்கிப்போய் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். நெஞ்சைப் பிளந்தால் உடம்பு தாங்காது. கோலாலம்பூரில் பெயர் கொடுத்துவிட்டு முறைக்குக் காத்திருக்கிறார்.

"நீ சட்டுனு போயி படிச்சிட்டு வா மகளே. அதுவரைக்கும் இத நான் ஓட்டிக்கிறேன்" என்று பழைய மோட்டார் சைக்கிளைத் தட்டுவது போல நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

பிரவீனா நேரே அறவாரியத்துக்குப் போய் விமான டிக்கெட்டைக் கேட்டாள். தலைவர் டத்தோ கனகராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"கையில கொடுக்கிறதா? அலமாக்! மேடை இல்லாம டிக்கெட் கொடுத்தா நாளைக்கு ஊர் என்ன பேசும்?"

"என்ன பேசும் டத்தோ?"

"டாக்டர் ஓடிப்போயிட்டாங்கன்னு பேசும்."

மேடை என்றால் பிரமுகர் வேண்டும். பிரமுகருக்கு அடுத்த மாத நடுவில்தான் நேரம் இருந்தது.

"பயிற்சி ஒண்ணாம் தேதியே தொடங்குது டத்தோ."

"ஜெர்மன்காரனைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க லா. இங்க பிரமுகர் வராரு. அங்க யாரு வராங்க?"

"நோயாளிங்க வராங்க."

"பாத்தீங்களா? பிரமுகர் யாருமே இல்ல."

பிரவீனா கெஞ்சி எழுதியதில் ஜெர்மனி மனமிரங்கியது. இருபதாம் தேதி வரை தவணை. ஆனால் அதற்குள் சாஆ கிளை கொதித்து எழுந்தது: ஆட்டுக்கால் சூப் வைத்தது நாங்கள், வழியனுப்பு விழா தம்போய்க்கு மட்டுமா? சிம்பாங் ரெங்கம் கிளை இன்னும் சூடாகச் சொன்னது: எங்கள் மண்ணின் மகளை எங்களுக்கு முன்னால் யாரும் வழியனுப்பக் கூடாது. ஆகவே அறவாரியம் பரந்த மனதோடு மூன்று விழாக்களையும் அங்கீகரித்தது.

ஒவ்வொரு விழாவிலும் மாலை, பொன்னாடை, மட்டன். "ஜெர்மனியில குளிருமாம், பொன்னாடை உதவும்" என்றார் ஹேமநாதன். தம்போய் விழாதான் கடைசி. கதவளவுக்கு மாதிரி டிக்கெட் ஒன்றை அடித்து மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அதில் பிரமுகர் படம் பெரிதாகவும், தலைவர் படம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும், விமானம் ஓரத்தில் ஈ அளவுக்கும் இருந்தன.

அன்றைக்கே சிங்கப்பூரிலிருந்து விமானம். பிரவீனா பெட்டியோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, சிங்கப்பூர் பாலத்துல ஜாம் ஆகிடும். கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்க" என்று ஹேமநாதன் காதில் கிசுகிசுத்தாள்.

"இப்பதான் முன்னுரை முடிஞ்சிருக்கு டாக்டர்."

தலைவர் முழங்கினார்: "நம் இதயங்களை இனி நம் டாக்டரே..." அந்த இடத்தில் கண் சொருகி, மாதிரி டிக்கெட்டோடு சேர்ந்து சாய்ந்தார். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு பிரவீனா ஓடினாள். ஆம்புலன்ஸ் வந்து, அவரைக் கொண்டுபோய், மூச்சு சீராகும்வரை நகரவில்லை. உயிர் பிழைத்துவிட்டார். விமானம் போய்விட்டது. ஜெர்மனியும் இந்த முறை மனமிரங்கவில்லை.

"வால்வு சுருங்கியிருக்கு டத்தோ. தொடை வழியா மாத்தணும்" என்றாள் பிரவீனா, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று.

"இங்க அதுக்கு யாரு இருக்கா?"

"நான்தான். படிச்சிட்டு வந்திருந்தா."

தலைவர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார்.

"கோலாலம்பூர்ல செய்வாங்க" என்றாள் பிரவீனா.

ஹேமநாதன் தொண்டையைச் செருமினார். "அறவாரிய விதிப்படி, நிதியை இதயம் சம்பந்தமான வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். கோலாலம்பூர் வெளிநாடு இல்லையே டாக்டர்."

விதியை மீற யாருக்கும் துணிச்சல் இல்லை. தலைவர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார், துணைக்குச் செயலாளரும். அவசர நேரங்களில் வழியனுப்பு விழா தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

புது வால்வோடு தலைவர் சிவந்த கன்னத்துடன் திரும்பினார். தம்போய் மண்டபத்தில் வரவேற்பு விருந்து. இடம் கொள்ளாத கூட்டம். முன்வரிசையில் ஜெய்னம்பு அம்மா, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

"அறவாரியத்தின் முதல் வெளிநாட்டுப் பயிற்சி வெற்றிகரமாக முடிந்தது!" என்று ஹேமநாதன் அறிவித்தார். "தலைவர் அந்த சிகிச்சையை ஆரம்பம் முதல் கடைசிவரை நேரில் அனுபவித்திருக்கிறார். கற்றதை இப்போது நம் டாக்டருக்குச் சொல்லிக் கொடுப்பார்."

கைதட்டல். தலைவர் பிரவீனா பக்கம் திரும்பினார்.

"ரொம்ப ஈசிதான் டாக்டர். முதல்ல தொடையில லேசா குத்துவாங்க. அப்புறம் நான் தூங்கிட்டேன். மிச்சத்த நீங்க பாத்துக்குங்க."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. தலைவருக்கே மனசு இளகிவிட்டது. "அடுத்த வருஷம் டாக்டரை நிச்சயமா அனுப்பறோம். முறையா, மூணு ஊர்லயும் வழியனுப்பி. யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?"

ஒரே ஒரு கை உயர்ந்தது. ஜெய்னம்பு அம்மாவின் கை. பிரவீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்கட்டும், நன்றாக உறைக்கிற மாதிரி கேட்கட்டும்.

ஜெய்னம்பு அம்மா மூச்சு வாங்கி, நிதானமாகக் கேட்டார்:

"ஆட்சேபனை எல்லாம் இல்ல டத்தோ. மட்டன் இதே அய்யூப் கடையிலதானே?"

மண்டபமே தலைவரின் பதிலுக்காக வாயை மூடிக் காத்திருந்தது. உண்மையைச் சொன்னால், பிரவீனாவும்தான்.